ஆளில்லாத ஜன்னல்

ஜுபைல் முகாம், சவுதி
27 நவம்பர் 1984

ஹேரானுக்கு அப்பா எழுதுவது.

முதலில் என் தியாகத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டிலிருந்து நான் கடற்பாசி சூப்பைத் தொடவில்லை. பரீட்சை எழுதும் பிள்ளை இருக்கிற வீட்டில் அந்த வழவழப்பு உள்ளே போனால் பிள்ளை வழுக்கி விழும் என்று அங்கே உன் அம்மா சட்டியையே ஒளித்து வைத்திருப்பாள். இங்கே ஒளித்து வைக்க எனக்கு யார் இருக்கிறார்கள்? என் பிறந்த நாளன்று, சம்பிரதாயம் விடக்கூடாது என்று, சமையல்காரர் தேடிப்பிடித்து ஒரு கிண்ணம் செய்து கொண்டுவந்தார். வேண்டாம் என்றேன்.

"பரீட்ச எழுதுறது உங்க பொண்ணுண்ணே. அது எங்கயோ சியோல்ல இருக்கு. இங்க நீங்க குடிச்சா அங்க அது எப்படி வழுக்கும்?"

"நான் இங்க தும்முனா அங்க என் பொண்டாட்டி திட்டுறா. வழுக்கல் மட்டும் போய்ச் சேராதா?"

அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டுபோய் என் கண் முன்னாலேயே குடித்தார். பாவி.

பரீட்சை முடிந்து நாலு நாள் ஆகிறது. எப்படி எழுதினாய்? நீ கல்லூரியில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று உன் அம்மா பள்ளிக்கூடக் கதவில் பாகு மிட்டாயை அழுத்தி ஒட்டினாளா? அவள் ஒட்டினால் பிரியாது. இருபத்தொரு வருடமாக நானே சாட்சி.

இங்கே உன் வாய்ப்பைப் பற்றி ஆளுக்கொரு கருத்து. புல்டோசர் ஓட்டுகிற நாங்கள் ஆறு பேரும் ஒரே முடிவில் இருக்கிறோம்: பத்துக்குப் பத்து. எப்படிச் சொல்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பொறியாளர் யூன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் நாம் கனவு காணும் அந்த மலையடிப் பல்கலைக்கழகத்திலேயே படித்தவர். "மார்க்கு வரட்டும் பேக் அண்ணே. மார்க்கு தெரியாம வாய்ப்பு சொன்னா அதுக்குப் பேரு ஜோசியம்" என்கிறார். ஆகையால் மதிப்பெண் வந்ததும் எழுது. சாதாரணத் தபாலில் போடாதே. கம்பெனியின் சியோல் அலுவலகத்தில் கொடுத்தால் அவர்களுடைய பையில் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். இங்கே சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று ஜன்னல். எல்லோரும் கறித்துண்டு அதிகம் விழுகிற முதல் ஜன்னலில் போய் நிற்பார்கள். நான் நேரே ஆளில்லாத ஜன்னலுக்குப் போவேன். அவர்கள் தட்டை நீட்டுவதற்குள் நான் பல் குத்திக்கொண்டிருப்பேன். எல்லா ஜன்னலிலும் ஒரே உலைச் சோறுதான். அந்தப் பல்கலைக்கழகத்தின் சின்னம் உன் காலரில் ஏறினால் போதும். உள்ளே என்ன படிக்கிறாய் என்று யார் காலரைப் புரட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

கையைச் சூடாக வைத்துக்கொள். இங்கே குளிர்காலம் என்று சொல்கிறார்கள். எனக்கு வேர்க்கிறது.

அப்பா

*

சியோல்
28 டிசம்பர் 1984

அப்பாவுக்கு,

மதிப்பெண் வந்துவிட்டது. முந்நூற்று நாற்பதுக்கு இருநூற்று எண்பத்தொன்பது. கணிதத்தில் நான் எதிர்பார்த்ததைவிட ஆறு குறைவு.

எங்கள் வகுப்பாசிரியர் குவாக் சாரின் மேசையில் பயிற்சிப் பள்ளிக்காரர்கள் அச்சடித்த பெரிய தாள் விரித்துக் கிடக்கிறது. எல்லாக் கல்லூரிகளும் எல்லாத் துறைகளும் போன வருடம் கடைசியாகத் தேறியவரின் மதிப்பெண்படி மேலிருந்து கீழாக அதில் இருக்கின்றன. அவர் ஒரு எஃகு அளவுகோலை இருநூற்று எண்பத்தொன்பதில் குறுக்காக வைத்தார். மலையடிப் பல்கலைக்கழகத்தின் பார்மசித் துறை அதற்கு மேலே, இருநூற்றுத் தொண்ணூற்றாறில் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அளவுகோலுக்கு மேல பாக்காத. கழுத்து வலிக்கும்" என்றார்.

அவர் சொல்வது மூன்று வழி. ஒன்று, ஆற்றுக்கு அந்தப் பக்கமுள்ள பெண்கள் கல்லூரியின் பார்மசித் துறை. அங்கே என் மதிப்பெண்ணுக்குக் கண்ணை மூடிக்கொண்டு இடம் கிடைக்கும். இரண்டு, மலையடியில் யாரும் கேட்காத ஏதாவது ஒரு துறை. மூன்று, மலையடியில் பார்மசி. மூன்றாவதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் விண்ணப்பம் போடலாம். தவறினால் ஒரு வருடம் போய்விடும்.

எனக்குப் பார்மசிதான் வேண்டும். எங்கே என்பது எனக்கு இரண்டாவது. நீங்கள் ஏன் என்று கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன். நம் சந்தை முனையில் மருந்துக் கடை வைத்திருக்கும் அம்மாவைத் தெரியுமே, அவர் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறார். வருகிறவர்கள் நின்றுகொண்டு பேசுகிறார்கள். எதிரே நம் கடையில் அம்மா காலையிலிருந்து டோஃபுத் தொட்டியில் கையை விட்டுக்கொண்டு நிற்கிறார். தண்ணீரில் பனிக்கட்டி மிதக்கிறது.

விண்ணப்பம் வாங்குவது ஜனவரி எட்டிலிருந்து பன்னிரண்டு வரை. பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஜன்னல்களை மூடிவிடுவார்கள். எந்தத் துறைக்கு எத்தனை விண்ணப்பம் வந்திருக்கிறது என்று அவ்வப்போது பலகையில் எழுதிப் போடுவார்களாம். பொறியாளர் யூனிடம் கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். வேடிக்கைப் பேச்சு வேண்டாம்.

ஹேரான்

*

ஜுபைல் முகாம்
5 ஜனவரி 1985

என் பேராசிரியர் அம்மாவுக்கு,

இருநூற்று எண்பத்தொன்பது! நான் ஆறாம் வகுப்பு வரை வாங்கிய மதிப்பெண் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன், அவ்வளவு வரவில்லை. கணிதத்தில் ஆறு குறைந்தது என் பக்கத்து ரத்தம். மன்னித்துக்கொள்.

என் அறையில் படுக்கும் பியோன் நாளைக்கு ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு விமானம் ஏறுகிறார். இதை அவர் கோட்டுப் பைக்குள் வைத்து நானே ஊசி நூலால் தைத்துவிடப் போகிறேன். பத்தாம் தேதிக்குள் உன் கையில் இருக்கும்.

பொறியாளர் யூனிடம் கேட்டேன். நேற்றுச் சாப்பாடு முடிந்ததும் அவர் அறைக்கே போனேன். அவர் ஒரு பெரிய காகிதத்தை எடுத்து விரித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பேனாவைக் காதில் செருகினார், எடுத்தார், மறுபடி செருகினார். கோடு போட்டார், வட்டம் போட்டார். கடைசியில் சொன்னார்: பார்மசிக்குப் பத்தில் இரண்டு பங்கு, அதற்கு மேல் இல்லை. மலையடிப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதுதான் முக்கியம், ஒரு முறை நுழைந்துவிட்டால் பிறகு எல்லாம் தானாக நடக்கும். ஆகையால் துறையின் பெயரை எழுதாமல் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை கடைசி ஒரு மணி நேரத்தில் பலகையைப் பாருங்கள். எந்த ஜன்னலில் ஆள் குறைவோ அந்தத் துறையின் பெயரை எழுதிக் கொடுத்துவிடுங்கள். பத்தில் எட்டுப் பங்கு தேறும்.

இது அவர் வாய்ச் சொல். என் சொல் இல்லை. அம்மாவிடம் இதை அப்படியே படித்துக் காட்டு.

பார்மசி எங்கேயும் ஓடிவிடாது. தலைவலி இருக்கிறவரை மருந்துக் கடையும் இருக்கும். உன் அம்மா என்னைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து மருந்துக் கடைக்காரர்கள் தொழில் படுத்ததே இல்லை.

பெண்கள் கல்லூரியை மறந்துவிடு. நான் முகாம் முழுக்க மலையடி என்று சொல்லிவிட்டேன்.

அப்பா

*

சியோல்
14 ஜனவரி 1985

அப்பாவுக்கு,

பியோன் மாமா ஒன்பதாம் தேதியே வந்தார். தையலைப் பிரிக்க அம்மா கத்தரிக்கோல் தேட வேண்டியிருந்தது. கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அம்மா இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

மறுநாள் அம்மா கடையைச் சாத்திவிட்டுப் பள்ளிக்கு வந்தார். குவாக் சார் துறை பெயர் இல்லாத விண்ணப்பத்தில் முத்திரை வைக்க மாட்டேன் என்றார். அம்மா ஆசிரியர்கள் அறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவர், "ஊருல பாதிப் பேரு இப்பிடித்தான் வெறுந்தாள வாங்கிட்டுப் போறாங்க. நாளைக்கு எங்கிட்ட வந்து அழக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே வைத்தார். அம்மாவும் நானும் அழவில்லை. அதனால் அவர் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சனிக்கிழமை பனி பெய்தது. மதியத்துக்கு முன்பே மலையடிக்குப் போய்விட்டோம். விண்ணப்பம் வாங்குவது உடற்பயிற்சிக் கூடத்தில். ஒவ்வொரு துறைக்கும் ஒரு ஜன்னல். கூடம் நிறைய ஆட்கள், ஆனால் எந்த ஜன்னலிலும் ஆள் இல்லை. எல்லோரும் சுவரோரம் நின்று பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்ன மாமா டோஃபு கொண்டுபோகிற மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். அம்மாவைப் பார்மசி ஜன்னல் பக்கம் நிறுத்தினோம். மாமா மற்ற ஜன்னல்களைச் சுற்றி வந்தார். நான் பலகைக்கு முன்னால்.

மூன்று மணிக்கு எழுதினார்கள். பார்மசி, இடம் அறுபது, வந்தது முப்பத்தொன்று. பட்டுப்புழு வளர்ப்பு, இடம் இருபது, வந்தது நாலு. அதுதான் எல்லாவற்றிலும் குறைவு.

மாமா வாசலில் தின்பண்டம் விற்பவரிடம் போய் ஒரு காகிதக் கூம்பு நிறைய வேகவைத்த பட்டுப்புழு வாங்கி வந்தார். "இங்க பாரு, சகுனமே சரியா இருக்கு" என்று எனக்கும் நீட்டினார். எனக்குப் பசிக்கவில்லை.

நாலு மணி இருபது நிமிடத்துக்கு மாமாவைக் குனியச் சொல்லி அவர் முதுகின்மேல் தாளை வைத்து எழுதினேன். பட்டுப்புழு வளர்ப்பு. மை ஊறாமல் இருக்க ஊதினேன். திரும்பிப் பார்த்தபோது கூடத்தில் இருந்த எல்லா முதுகுகளும் குனிந்திருந்தன. நான் ஜன்னலுக்குப் போவதற்குள் எனக்கு முன்னால் எண்பது பேராவது நின்றார்கள். எல்லோரும் அதே பலகையைத்தான் பார்த்திருக்கிறார்கள். மையால் எழுதிவிட்டதால் மாற்ற முடியாது. கொடுத்துவிட்டு வந்தோம்.

நேற்றைய பத்திரிகையில் கடைசி எண்ணிக்கை வந்தது. பட்டுப்புழு வளர்ப்பு, இருபது இடத்துக்கு நூற்று எழுபத்து மூன்று. பார்மசி, அறுபது இடத்துக்கு ஐம்பத்து மூன்று. ஏழு இடம் காலி. விண்ணப்பம் போட்ட எல்லோருக்கும் இடம் உண்டு. எங்கள் வகுப்பில் இருநூற்று அறுபத்திரண்டு வாங்கிய ஒருத்தி, எப்படியும் கிடைக்காது, ஆசைக்காவது எழுதுவோம் என்று எழுதியிருக்கிறாள்.

முடிவு இருபத்தாறாம் தேதி வரும்.

வேறு விசேஷம் இல்லை. அம்மா நலம். குழாய் உறைந்துவிட்டது.

ஹேரான்

*

ஜுபைல் முகாம்
16 ஜனவரி 1985

மலையடிப் பல்கலைக்கழக மாணவி அவர்களுக்கு,

இன்னும் முடிவு வரவில்லை, தெரியும். வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இந்நேரம் விண்ணப்பம் கொடுத்து நாலு நாள் ஆகியிருக்கும். எந்த ஜன்னல்? மாடு மேய்க்கிற படிப்பா? காளான் வளர்க்கிற படிப்பா? எதுவானாலும் அப்பாவுக்குச் சம்மதம். காளான் என்றால் இப்போதே சொல்லு, இங்கே என் சாக்ஸில் கொஞ்சம் முளைத்திருக்கிறது, அனுப்புகிறேன்.

முகாமில் உனக்கு விருந்து முடிவாகிவிட்டது. ஆட்டுக்குச் சொல்லி வைத்தாயிற்று. ஆடு இப்போது எங்கள் குடிசைக்குப் பின்னால் கட்டிக் கிடக்கிறது. பியோனுடைய படுக்கைக்கு இன்னும் ஆள் வரவில்லையா, இருக்கிற ஒரே துணை அதுதான். நான் அதனிடம் இருநூற்று எண்பத்தொன்பது என்று சொன்னேன். தலையை ஆட்டியது. அதற்கும் நம் குவாக் வாத்தியாருக்கும் ஒரே தாடை என்று நினைக்கிறேன்.

வரிசையில் நின்றபோது கால் வலித்ததா? வலித்திருக்காது. ஆளில்லாத ஜன்னல் அல்லவா!

அப்பா

*

சியோல்
27 ஜனவரி 1985

அப்பாவுக்கு,

ஆடு பற்றிய உங்கள் கடிதம் நேற்றுக் காலையில் வந்தது. அதைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டுதான் முடிவு பார்க்கப் போனேன்.

என் எண் பலகையில் இல்லை. பட்டுப்புழு வளர்ப்பில் கடைசியாகத் தேறியவர் இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று. பார்மசியின் போன வருட மதிப்பெண்ணைப் பார்த்துப் பயந்து பின்வாங்கியவர்கள் எல்லோரும் அங்கே வந்திருந்தார்கள் போல.

ஆட்டை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள்.

ஹேரான்

*

ஜுபைல் முகாம்
9 பிப்ரவரி 1985

ஹேரான்,

உன் பதினாலாம் தேதிக் கடிதம் இருபத்தைந்தில் வந்தது. இருபத்தேழாம் தேதிக் கடிதம் முந்தாநாள் வந்தது. நடுவில் நான் நாலு முறை எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு வேடிக்கை வாயில் வந்தது. கிழித்துப் போட்டேன்.

ஆட்டை அவிழ்த்துவிட்டேன். அது போகவில்லை. கதவடியிலேயே நிற்கிறது.

பொறியாளர் யூன் நேற்று என்னைக் கேட்டார், "பொண்ணு என்னாச்சுண்ணே? பார்மசிதானே எழுதுச்சு? பத்திரிகையில காலின்னு போட்டிருந்தானே. கெடைச்சிருக்குமே." நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்து புல்டோசரில் ஏறினேன். ஒரு மணி நேரம் ஒரே இடத்து மணலை அப்படியும் இப்படியும் தள்ளிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி வந்து கத்திய பிறகுதான் தெரிந்தது.

நீ அன்றைக்கு எழுதியிருந்தாய், அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள் என்று. நான் அப்படியே எழுதவில்லை.

நான் போனது நிஜம். காகிதம், வட்டம் எல்லாம் இல்லை. அவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். சோப்புக் கையோடுதான் சொன்னார். "போன வருஷக் கோட்டப் பாத்து இந்த வருஷம் பசங்க பார்மசிப் பக்கமே போகமாட்டாங்க. பயம்தான் இடத்தக் காலி பண்ணும். பொண்ணு ஆசப்படுறதையே எழுதச் சொல்லுங்க. அவ்ளோ தைரியம் இல்லன்னா பெண்கள் கல்லூரி. அங்கயும் அதே படிப்புதான்." நான் ஆளில்லாத ஜன்னலைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார். "அத எல்லாரும் பாத்துக்கிட்டுதானே இருப்பாங்க அண்ணே?"

பத்தில் எத்தனை என்று கேட்டேன். பார்மசிக்கு நாலு என்றார். பெண்கள் கல்லூரிக்குப் பத்து.

எனக்கு அந்த நாலு பிடிக்கவில்லை. அந்தப் பத்தும் பிடிக்கவில்லை, அதில் மலையடி இல்லை. அறைக்கு வந்து நானே ஒரு எட்டுப் போட்டேன். என் பெயரில் எழுதினால் உன் அம்மா அடுப்பில் போடுவாள். அதனால் அவர் பெயரில் எழுதினேன். பேனாவைக் காதில் செருகியதெல்லாம் நான் செருகியது.

சாப்பாட்டுக் கூடத்தில் எனக்கு அந்த ஜன்னல் சரியாக வந்தது. அங்கே நிற்கிற முந்நூறு பேரில் நான் ஒருவன்தான் அப்படி யோசிப்பவன் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் மற்றவர்களுக்குக் கறித்துண்டு வேண்டும், எனக்கு வேண்டாம். அவ்வளவுதான் இருந்திருக்கும்.

மார்ச்சில் வருவதாகச் சொல்லியிருந்தேன். இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ மறுபடி படிக்க வேண்டும் என்றால் படி. வேண்டாம் என்றால் வேண்டாம். நான் எதுவும் சொல்லப் போவதில்லை. வாய்ப்பைப் பற்றி யாரிடமும் கேட்கப் போவதும் இல்லை.

நேற்றுக் கடற்பாசி சூப் வைத்தார்கள். குடித்தேன். ஆறு மாதம் கழித்துக் குடிக்கிறேன், ஒரு ருசியும் தெரியவில்லை. உப்புப் போடவில்லையா என்று கேட்டேன். போட்டதாகச் சொன்னார்கள்.

இதை அம்மாவிடம் படித்துக் காட்ட வேண்டுமா என்பது உன் இஷ்டம்.

அப்பா

*

சியோல்
22 பிப்ரவரி 1985

அப்பாவுக்கு,

கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர் டோஃபுவை நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்குவதை நிறுத்தவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும். உங்கப்பா நெசம் சொன்னா நாலு வரிதான் எழுதுவாரு. பேனா, காது, மூக்குக் கண்ணாடின்னு எப்ப எழுத ஆரம்பிச்சாரோ அப்பவே தெரியும்" என்றார். அன்றைக்கு என்னை ஏன் இரண்டாவது முறை படிக்கச் சொன்னார் என்று இப்போது புரிந்தது.

நான் பதினாலாம் தேதி எழுதிய கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். நீங்கள் உங்களுடையதைச் சொல்லிவிட்டீர்கள், அதனால் நானும் சொல்கிறேன்.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு அம்மா பார்மசி ஜன்னலிலிருந்து என்னிடம் ஓடி வந்தார். ரப்பர்ச் செருப்பு ஈரத்தில் வழுக்க, கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார். "அங்க ஒரு ஆளு இல்லடி. ஜன்னல்ல இருக்கிற பொண்ணு கொட்டாவி விடுது. நீ ஆசப்பட்டத எழுது. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். லெட்டரே வந்து சேரலன்னு சொல்லிடலாம்" என்றார். என் கையைப் பிடித்துப் பேனாவின் மூடியைக் கழற்றியதுகூட அவர்தான்.

நான் பலகையைப் பார்த்தேன். முப்பத்தொன்று, நாலு. பார்மசிக்குக் கடைசி நிமிடத்தில் முந்நூறு மதிப்பெண்காரர்கள் ஓடி வருவார்கள் என்று நினைத்தேன். அவர்களுடைய முகம்கூட எனக்குத் தெரிந்தது. அப்படி யாரும் வரவில்லை. மாமாவைக் குனியச் சொன்னேன். எழுதும்போது உங்கள் கடிதம் நினைவில் இல்லை. பொறியாளர் யூனும் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். அம்மா பக்கத்தில் நின்று நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. அதற்குப் பிறகும் அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. நான் எழுதிய கடிதங்களிலும் அது இல்லை. எல்லாவற்றையும் உங்கள் மேல் விட்டு வைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

ஒரு மாதமாக எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. உங்கள் கடிதத்தில் சூப் பற்றிப் படித்தபோது, எனக்கும் எதிலும் உப்புத் தெரிவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடி படிக்கிறவர்களுக்கான பயிற்சிப் பள்ளியில் சேர்ந்திருக்கிறேன். அங்கே சேர்வதற்கும் ஒரு பரீட்சை வைத்து, முடிவைப் பலகையில் ஒட்டினார்கள். அதில் தேறிவிட்டேன். முகாமில் சொல்ல வேண்டாம். இங்கேயும் சுவரில் அந்தப் பெரிய தாள் ஒட்டியிருக்கிறது. இந்த வருடத் தாளில் மலையடி பார்மசி எங்கேயோ கீழே கிடக்கிறதாம். வகுப்பில் எல்லோரும் அதற்கு முன்னால் போய் நிற்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. அடுத்த ஜனவரியில் குவாக் சாரிடம் போகும்போது துறையின் பெயரை எழுதிய பிறகே முத்திரை கேட்பேன். எந்தக் கல்லூரியாக இருந்தாலும் சரி.

ஆகையால் அப்பா, நான் தவறியதில் உங்களுக்குப் பங்கு கேட்டு வர வேண்டாம். அவ்வளவு பெரிய ஆள் இல்லை நீங்கள். ஐயாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு ஒரு பொய்யை எழுதிக் கோட்டுக்குள் தைத்து அனுப்பினால் நான் விழுந்துவிடுவேன் என்று நினைத்தீர்களா? நானேதான் வழுக்கினேன், சூப் குடிக்காமலே.

ஆட்டுக்குத் தண்ணீர் வையுங்கள். பொறியாளர் யூனிடம் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். அவருக்குக் காதில் பேனா செருகும் பழக்கம் இல்லை என்று அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது.

அம்மா அன்றைக்குச் சொன்னபடியே வைத்துக்கொள்வோம். ஜனவரி ஐந்தாம் தேதி நீங்கள் எழுதிய கடிதம் எனக்கு வந்து சேரவில்லை.

ஹேரான்